சான்றின் வழியில் பொதுச் சுகாதாரத் தாதியச் சேவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் பொதுச் சுகாதாரத் தாதியத்திலும் பின்னர் அதற்கான பயிற்சியிலும் கழிந்த ஆண்டுகளில், கிளினிக் முடிந்து பதிவேடுகளை மூடும் நேரத்திலும் மாதாந்தக் கூட்டத்தின் தேநீர் இடைவேளையிலும் சில கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டன. கேட்டவர்கள் தாதிய சகோதரிகள், வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்கள், பயிற்சி மாணவியர். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சிஸ்டர், எல்லாரும் "சான்று அடிப்படை" என்கிறார்கள். அப்படியென்றால் இவ்வளவு நாளும் நாங்கள் சான்று இல்லாமலா வேலை செய்தோம்?

இல்லை. நமது தடுப்பூசி அட்டவணை, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புக் குளிசை, முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் என்ற அறிவுரை ஆகியவை எல்லாம் ஆய்வுகளின் வழியே நம்மிடம் வந்தவைதான். அவற்றைச் சான்று என்று பெயர் சொல்லாமல் சுற்றறிக்கை என்று சொல்லிப் பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

1996இல் மருத்துவர் டேவிட் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் இதற்குத் தந்த விளக்கம் இன்றும் பயன்படுகிறது. கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த ஆய்வுச் சான்று, பணியாளரின் அனுபவத் தேர்ச்சி, சேவை பெறுபவரின் விருப்பமும் நிலைமையும் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பதே அது. தனி ஒருவருக்கான சிகிச்சைக்குச் சொல்லப்பட்ட இந்த விளக்கத்தை ஒரு பகுதி மக்களுக்கான சேவைக்குக் கொண்டுவரும்போது மேலும் மூன்று கேள்விகள் சேர்கின்றன: இந்தச் சேவை யாருக்குத் தேவைப்படுகிறது, எதைச் செய்தால் பயன் கிடைக்கும், செய்த பின் அந்தப் பயன் உண்மையில் கிடைத்ததா. மூன்றாவது கேள்வியைத்தான் நாம் பெரும்பாலும் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

இது டாக்டர்மாரும் பல்கலைக்கழகமும் பார்க்க வேண்டிய வேலை அல்லவா?

இந்தத் துறையில் எண்களை முதலில் கையில் எடுத்தவர்களில் ஒருவரே ஒரு தாதிதான். கிரிமியப் போரில் இறந்த படையினரில் மிகப் பெரும்பாலோர் காயங்களால் அல்லாமல் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தார்கள் என்பதை ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் வரைபடமாக வரைந்து ஆட்சியாளர்களின் முன் வைத்தார்.

நமது நாட்டிலும், 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட நாளிலிருந்து வீட்டுக்கு வீடு சென்று விபரம் திரட்டுவது கள உத்தியோகத்தர்களின் பணியாகவே இருந்துவருகிறது. பகுதிக்குப் பொறுப்பான சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருந்து பார்ப்பது தொகை. கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளான தோட்டங்களில் எந்த வீட்டில் மாடிப்படி செங்குத்தாக இருப்பதால் நிறைமாதத் தாய் இறங்கி வரமாட்டாள் என்பது குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும். அவரை மேற்பார்வை செய்யும் தாதிய சகோதரிதான் இந்த இரண்டு அறிவும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறார். அந்த இடத்தை வேறு யாராலும் நிரப்ப முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முப்பது வருஷ அனுபவம் சான்று இல்லையா?

அனுபவம் மூன்று தூண்களில் ஒன்று என்று முதற் பதிலிலேயே குறிப்பிட்டேன். ஆனால் அனுபவத்துக்கு ஒரு குறை உண்டு. நம்மிடம் திரும்பி வந்தவர்களை மட்டுமே அது நினைவில் வைத்திருக்கிறது. கிளினிக்குக்கு வராமல் நின்றுவிட்ட தாய்க்கு என்ன நடந்தது என்பதை முப்பது ஆண்டுகள் பணியாற்றினாலும் நமது அனுபவம் நமக்குச் சொல்லாது.

நல்ல எண்ணத்தோடும் நீண்ட அனுபவத்தோடும் சொல்லப்பட்ட ஓர் அறிவுரை எவ்வளவு பெரிய இழப்பைத் தரலாம் என்பதற்குக் குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைத்த வரலாறு சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மேற்கு நாடுகளின் குழந்தை வளர்ப்பு வழிகாட்டிகள் பலவும், வாந்தி எடுத்தால் மூச்சடைக்காது என்ற காரணத்தைச் சொல்லி, குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கும்படி பரிந்துரைத்தன. கேட்பதற்கு அந்தக் காரணம் சரியாகவே தோன்றும். ஆனால் தூக்கத்தில் திடீரென இறந்த குழந்தைகளையும் உயிரோடு இருந்த குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் இதற்கு நேர் எதிரானதைக் காட்டின. பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் மல்லாந்து படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கிய பின் அந்த மரணங்கள் பெருமளவு குறைந்தன. குப்புறப் படுக்கச் சொன்ன தாதியரில் ஒருவர்கூடக் குழந்தைக்குத் தீங்கு நினைத்திருக்கமாட்டார். இந்த வரலாற்றைப் படிப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஒரு புதிய சேவை தொடங்கு என்றால் தலையும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை.

கேள்வியிலிருந்து தொடங்குங்கள். "கிளினிக்கை மேம்படுத்த வேண்டும்" என்பது விருப்பம் மட்டுமே. கேள்வியில் நான்கு பகுதிகள் இருக்க வேண்டும்: யார், அவர்களுக்கு என்ன செய்யப் போகிறோம், எதனோடு ஒப்பிடப் போகிறோம், எது மாறினால் பயன் என்று கொள்வோம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பின்வரும் பதில்களிலும் இதையே தொடர்வேன். கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கிளினிக் ஒன்றில் குழந்தைகள் சிலர் உரிய திகதியில் தடுப்பூசிக்கு வருவதில்லை. தாய்மாருக்குக் கைத்தொலைபேசியில் நினைவூட்டல் அனுப்பலாமா என்று ஒரு சகோதரி நினைக்கிறார். அவருடைய கேள்வி இப்படி அமையும்: இந்தப் பகுதியில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மாருக்கு, திகதிக்கு முந்திய நாள் குறுஞ்செய்தி அனுப்பினால், இப்போது போல அட்டையில் திகதி எழுதிக் கொடுப்பதை மட்டும் விட, உரிய திகதியிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஊசி பெறும் குழந்தைகள் கூடுவார்களா?

இப்படி எழுதிய உடனேயே ஒரு வேலை தெரியும். "வராதவர்கள்" உண்மையில் யார்? பதிவேட்டில் வெற்றுக் கட்டமாக உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக விசாரித்தால், கொழும்பில் மூன்று வகையினர் அகப்படுவர். முதற் பிரசவத்துக்காக யாழ்ப்பாணத்திலோ ஹட்டனிலோ மட்டக்களப்பிலோ உள்ள தாய்வீட்டுக்குப் போய் அங்கேயே ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஒரு வகை. தனியார் வைத்தியசாலையில் போட்டுக்கொண்டு அந்த விபரத்தை நம்மிடம் காட்டாதவர்கள் இரண்டாவது வகை. உண்மையிலேயே ஊசி தவறியவர்கள் மூன்றாவது வகை. குறுஞ்செய்தியால் பயன் பெறக்கூடியவர்கள் இந்தக் கடைசி வகையினர் மட்டுமே. முதல் இரண்டு வகையினருக்கும் தேவைப்படுவது பதிவுத் திருத்தம். இந்த விசாரிப்புக்கு ஒரு காசும் செலவில்லை. இதைச் செய்யாமல் தொடங்கிய திட்டங்கள் இல்லாத பிரச்சினைக்கு மருந்து கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆய்வுகளை எங்கே தேடுவது? இங்கிலீஷில் வாசிக்க எனக்குக் கஷ்டம்.

முதலில் வீட்டுக்குள் தேடுங்கள். குடும்ப சுகாதாரப் பணியகத்தின் வழிகாட்டிகளும் தொற்றுநோயியல் பிரிவின் வெளியீடுகளும் நமது நாட்டுக்கென்றே எழுதப்பட்டவை. அடுத்து உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்களைப் பாருங்கள். அதன் பின், ஒரே கேள்விக்கான பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் மீளாய்வுகள். 1993இல் தொடங்கிய கொக்ரேன் அமைப்பு தனது மீளாய்வுகளுக்கு எளிய நடைச் சுருக்கங்களையும் வெளியிடுகிறது. அவற்றில் சில தமிழிலும் கிடைக்கின்றன. 1887இலிருந்து வெளிவரும் இலங்கை மருத்துவச் சஞ்சிகையில் உள்ளூர் ஆய்வுகள் உண்டு.

மொழிச் சிரமம் உண்மையானது. அதற்காக யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. இருவராகச் சேர்ந்து வாசியுங்கள். சுருக்கத்தை மட்டும் வாசித்து நிறுத்தாமல், ஆய்வில் கலந்துகொண்டவர்கள் யார் என்ற பந்தியையும் வாசியுங்கள். நமது உதாரணத்துக்கு விடை சுலபமாகவே கிடைக்கும்: குறுஞ்செய்தி நினைவூட்டல், நினைவூட்டல் எதுவும் இல்லாததைவிட வருகையைக் கூட்டுகிறது, தொலைபேசி அழைப்புக்கு ஏறத்தாழச் சமமான பயனைக் குறைந்த செலவில் தருகிறது என்று கொக்ரேன் மீளாய்வு சொல்கிறது.

எழுமாற்று ஒதுக்கீட்டு ஆய்வு இல்லையென்றால் சான்றே இல்லை என்று ஒரு விரிவுரையாளர் சொன்னார். சரியா?

ஒரு செயல் பயன் தருகிறதா என்று அறிய, ஆட்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் அத்தகைய ஆய்வு மிகவும் வலுவானது. ஆனால் எல்லாக் கேள்விகளும் அந்த வகைக் கேள்விகள் அல்ல. தாய்மார் ஏன் வருவதில்லை என்று அறிய அவர்களோடு உட்கார்ந்து பேசும் ஆய்வுதான் வேண்டும். எத்தனை பேருக்கு நீரிழிவு என்று அறியக் கணக்கெடுப்பு வேண்டும். முன்பு சொன்ன குப்புறப் படுக்கை விடயத்தில் உயிர்களைக் காத்தது ஒப்பீட்டு அவதானிப்பு ஆய்வுகள். குழந்தைகளை அப்படிப் பிரித்துப் படுக்கவைத்துச் சோதிக்க எந்த நெறிமுறைக் குழு அனுமதி தந்திருக்கும்?

வெளிநாட்டு ஆய்வு கொழும்புக்குப் பொருந்தும் என்று எப்படி நம்புவது?

என்னிடம் கேட்கப்பட்டவற்றுள் மிக நல்ல கேள்வி இதுதான். எந்த நாடு என்பதைவிட, அந்த ஆய்வு எதனோடு ஒப்பிட்டது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஆய்வாளர் டேவிட் ஓல்ட்ஸ் 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய திட்டமொன்றில், முதற் குழந்தை பெறும் வறிய, இளம் தாய்மாரின் வீடுகளுக்குக் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு 2 வயதாகும் வரை தாதியர் சென்றனர். தாய்க்கும் பிள்ளைக்கும் நீண்டகால நன்மைகள் பதிவாயின. இதே திட்டத்தை இங்கிலாந்தில் 1,600க்கு மேற்பட்ட இளந்தாய்மாரிடம் சோதித்துப் பார்த்த ஆய்வின் முடிவுகள் 2016இல் அச்சில் வந்தன. கர்ப்பகாலப் புகைத்தல், பிறப்பு நிறை உட்பட அவர்கள் முதன்மையாக அளந்த எதிலும் கூடுதல் பயன் தெரியவில்லை. தாதியர் குறைவாக உழைத்தார்கள் என்பது இதன் பொருளல்ல. இங்கிலாந்தில் எல்லாத் தாய்மாருக்கும் மருத்துவமாதுவின் கவனிப்பும் சுகாதாரத் தாதியின் வீட்டுத் தரிசிப்பும் ஏற்கனவே கிடைத்துவந்தன. பாத்திரம் முன்னரே பாதிக்கு மேல் நிறைந்திருந்தது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். குடும்பநல உத்தியோகத்தர் வாசலுக்கு வரும் நமது நாடு இதில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவதாக, ஆபத்தின் அளவைப் பாருங்கள். பிறந்த குழந்தையின் தொப்புள் கொடியில் குளோர்ஹெக்சிடீன் என்ற கிருமிநாசினியைப் பூசுவது நேபாளத்திலும் பங்களாதேஷிலும் நடந்த கள ஆய்வுகளில் சிசு மரணத்தைக் குறைத்தது. சாம்பியாவிலும் தன்சானியாவின் பெம்பாத் தீவிலும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை. வீட்டில், சுத்தமற்ற சூழலில் பிறந்து, கொடியில் சாணமும் சாம்பலும் வைக்கப்படும் குழந்தைக்கு இந்த மருந்து பெரிய காவல். காசல் வீதி மகளிர் வைத்தியசாலையிலோ டி சொய்சா மகளிர் வைத்தியசாலையிலோ பிறக்கும் குழந்தைக்குக் கொடியைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருந்தாலே போதும். தெற்காசிய ஆய்வு என்பதால் நமக்குப் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், நமது தாய்மாரின் கையில் தேவையற்ற ஒரு போத்தலைத் திணித்தவர்களாவோம்.

எங்கள் பதிவேடுகளையும் சான்றாக எடுக்கலாமா? அதில் எவ்வளவோ பிழை இருக்குமே.

எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். பிழை இருக்கும் என்பதால் முதலில் பிழையைத் தேட வேண்டும். ஒருமுறை ஒரு கிளினிக்கில் அடுத்தடுத்து ஐந்தாறு குழந்தைகளின் வளர்ச்சிக் கோடு ஒரே மாதத்தில் தட்டையாகிவிட்டது. தாய்மார் எல்லாருக்கும் உணவூட்டல் அறிவுரை சொல்லி அனுப்பியிருந்தார்கள்; ஒருவர் அழுதுவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். நான் போனபோது, தொங்கும் தராசில் குழந்தையை இருத்தும் துணிக் காற்சட்டையை வெறுமையாகக் கொழுவிப் பார்த்தேன். முள் பூச்சியத்தைத் தொடாமல் இரண்டு சிறு கோடுகள் பின்னால் நின்றது. இரண்டு கோடுகள் என்றால் 200 கிராம். ஒரு மாதத்தில் அரைக் கிலோ ஏறிய குழந்தைக்கு 300 கிராம் என்று பதிவாகியிருக்கிறது. அன்றிலிருந்து கிளினிக் தொடங்குமுன் வெறும் காற்சட்டையோடு முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவராமல் ஒரு குழந்தையையும் நிறுக்க நான் விட்டதில்லை.

நமது பதிவுகளின் வலிமைக்கும் ஒரு சாட்சி சொல்கிறேன். 1980களில் தொடங்கிய தாய்மரண மீளாய்வில், நாட்டில் நிகழும் ஒவ்வொரு தாய்மரணமும் களத்திலும் வைத்தியசாலையிலும் விசாரித்து ஆராயப்படுகிறது. 2010களில் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குப் பெரும்பாலும் 30க்கும் 40க்கும் இடையில் இருந்த தாய்மரண வீதத்துக்குள், இதய நோய் முக்கிய காரணங்களில் ஒன்றாகத் தெரியவந்தது இந்த மீளாய்வுகளால்தான். கர்ப்பிணிப் பதிவேட்டில் முதற் சந்திப்பிலேயே இதய நோய் பற்றிக் கேட்டுக் குறிக்கும் அந்தச் சிறு கட்டத்தை வெறும் படிவ வேலை என்று நினைத்து அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

சுற்றறிக்கை ஒன்று சொல்கிறது, புதிய ஆய்வு வேறொன்று சொல்கிறது. எதைக் கேட்பது?

கடமையில் சுற்றறிக்கையைப் பின்பற்றுங்கள். ஆய்வைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். ஒரு தனி ஆய்வைக் கொண்டு ஒரு பகுதியில் மட்டும் நடைமுறையை மாற்றினால், அடுத்த பகுதிக்கு வீடு மாறும் தாய் இரண்டு விதமான அறிவுரைகளுக்கு நடுவில் தவிப்பாள். கொழும்பில் வாடகை வீடு மாறுவது எவ்வளவு சாதாரணம் என்பது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஆட்களின் பத்தியம், சரக்கு, கறுப்புப் பொட்டு எல்லாவற்றையும் விடச் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். சேவை பெறுபவரின் விருப்பம் மூன்றாவது தூண் என்பதை மறக்கக்கூடாது. வழக்கங்களைத் தீங்கற்றவை, உதவுபவை, தீங்கானவை என்று பிரித்துப் பாருங்கள். கன்னத்தில் வைக்கும் பொட்டு குழந்தைக்கு ஒன்றும் செய்யாது. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்து மீன் கறி வைத்துக் கொடுக்கும் மாமி அவளுக்குப் புரதமும் ஓய்வும் கிடைக்க வழி செய்கிறார். அதே மாமி குழந்தையின் நாவில் தேன் தடவினால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனிலிருந்து நச்சுக் கிருமி தொற்றக்கூடும் என்பதை மரியாதையோடும் தெளிவாகவும் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் இரண்டையும் மதித்தவர் சொன்னால்தான் மூன்றாவதை அவர் கேட்பார்.

மகப்பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வைக் கண்டறியும் படிவத்தைத் தமிழாக்கிக் கொடுத்தால் போதும்தானே?

போதாது. நீங்கள் சொல்லும் படிவம், 1987இல் உருவான எடின்பரோ அளவுகோல்; அதில் 10 கேள்விகள் உள்ளன. அவற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், "மனச்சோர்வு" என்பது வெறும் உடற்களைப்பாகவும் விளங்கப்படலாம். தமிழ்நாட்டில் சரிபார்த்த மொழிபெயர்ப்பின் சொற்களும் மட்டக்குளியில் வாழும் தாய்க்கு அந்நியமாக ஒலிக்கக்கூடும். எத்தனை புள்ளிக்கு மேல் மேலதிகப் பரிசோதனைக்கு அனுப்புவது என்ற எல்லையும் மொழிக்கு மொழி, ஊருக்கு ஊர் மாறும். ஆகவே நமது தாய்மாரிடமே சரிபார்த்த படிவம் வேண்டும்.

யார் பக்கத்தில் இருக்கும்போது கேட்கிறோம் என்பதையும் படிவம் பார்த்துக்கொள்ளாது. கடைசிக் கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. ஒற்றை அறை வீட்டில் கணவரும் மாமியாரும் கேட்டுக்கொண்டிருக்க, "இல்லை மிஸ்" என்பதைத் தவிர அவள் வேறென்ன சொல்வாள்? குழந்தையை நிறுக்கும் சாக்கில் தாயை மட்டும் ஒதுக்குப்புறமாக அழைத்துக் கேட்ட ஒரு குடும்பநல உத்தியோகத்தரை எனக்குத் தெரியும். அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். கேட்டுவிட்டு அனுப்ப இடமில்லாவிட்டால் கேட்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உளநல வைத்தியரிடம் அனுப்பும் வழியை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு சிறு மாற்றம் செய்யவும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமா?

உங்கள் கிளினிக்கின் சேவையைச் சீர்செய்து உள்ளுக்குள் அளந்து பார்ப்பதற்குப் பொதுவாக மேலதிகாரியின் எழுத்து அனுமதி போதும். புதிய அறிவாக வெளியிடும் நோக்கத்தோடு தாய்மாரிடம் விபரம் திரட்டினால் அது ஆய்வாகிவிடும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உள்ளது போன்ற நெறிமுறைக் குழுவை நாட வேண்டும். எதுவென்று சந்தேகம் வந்தால், தொடங்குமுன் கேட்டுவிடுங்கள்.

இரண்டிலும் தனியுரிமை ஒன்றே. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அது இல்லாவிட்டாலும் இது நமது கடமை. நமது உதாரணத்தில், பதிவேட்டிலுள்ள தொலைபேசி பெரும்பாலும் கணவருடையது. தடுப்பூசித் திகதி அதில் போகலாம். குடும்பத்திட்டம் பற்றிய ஒரு சொல்லும் போகக்கூடாது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, சிஸ்டர்?

ஒரு புதிய வேலையைச் சேர்க்கும்போது ஒரு பழைய வேலையை எடுத்துவிட மேலதிகாரியிடம் அனுமதி கேளுங்கள். ஒரே விபரத்தை இரண்டு கொப்பிகளில் எழுதும் இடம் எந்தக் கிளினிக்கிலும் ஒன்றாவது இருக்கும். ஆண்டுக்கு ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதுமானது.

செய்து பார்த்தோம். கூடினது போலவும் இருக்கு, கூடாதது போலவும் இருக்கு. எப்படி முடிவெடுப்பது?

ஒரு மாதத்தை அதற்கு முந்திய மாதத்தோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். சித்திரைப் புத்தாண்டுக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் பாதிக் கொழும்பு ஊருக்குப் போய்விடும். மார்ச் மாதத்தில் குறுஞ்செய்தியைத் தொடங்கி ஏப்ரலில் எண்ணினால் திட்டம் தோற்றதாகத் தெரியும். ஏப்ரலில் தொடங்கி மே மாதத்தில் எண்ணினால் அதே திட்டம் வென்றதாகத் தெரியும். குறைந்தது கடந்த ஓராண்டின் மாதக் கணக்கைச் சதுரக்கோட்டுத் தாளில் புள்ளியாகக் குறித்து, அதன் மேல் புதிய மாதங்களைத் தொடருங்கள். முடியுமானால் குறுஞ்செய்தி அனுப்பாத அயற்கிளினிக்கின் கோட்டையும் அருகில் வரையுங்கள்.

கடைசியில் பயன் இல்லை என்று தெரிந்தால்? மேலிடத்துக்குச் சொல்லவே பயமாக இருக்கும்.

திட்டம் பிழையா, அது நடந்த விதம் பிழையா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். செய்தி போய்ச் சேர்ந்ததா? தமிழ் மட்டும் வாசிக்கும் வீட்டுக்குச் சிங்களத்தில் போனதா? துறைமுகத்தில் இரவு வேலை பார்க்கும் கணவரின் தொலைபேசியில் விழுந்து, அவர் வீடு திரும்பும்போது கிளினிக் முடிந்துவிட்டதா? இவற்றைச் சரிசெய்து மீண்டும் ஒரு தடவை பார்க்கலாம். எல்லாம் ஒழுங்காக நடந்தும் கோடு அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டு, நிறுத்தியதாக எழுதுங்கள். தொப்புள் கொடி மருந்தைச் சோதித்த சாம்பியா ஆய்வாளர்கள் தங்கள் முடிவை மறைத்திருந்தால் எத்தனை நாடுகள் வீண் செலவு செய்திருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை ஒரு பக்கம் போதும். என்ன கேட்டோம், எத்தனை பேருக்கு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை செய்தோம், என்ன கண்டோம், எதை மாற்றுவோம் என்று எழுதி ஒரு பிரதியை மேலிடத்துக்கு அனுப்புங்கள். மற்றப் பிரதியைக் கிளினிக் பதிவேட்டின் பின்னட்டைக்குள் ஒட்டிவையுங்கள். உங்களுக்கு இடமாற்றம் வந்த பிறகு அந்த மேசைக்கு வரும் சகோதரி இதே குறுஞ்செய்தி யோசனையோடுதான் முதல் நாள் பதிவேட்டைத் திறப்பார்.